எட்டுக்குப் பயந்து நான் கொடுத்த எண்

பதினான்கு லட்சத்து எண்பத்து மூன்றாயிரத்து எழுநூற்று நான்கு. எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய பதிவேட்டில் இந்த எண்ணுக்கு ஆள் கிடையாது. 'ரத்து' என்று சிவப்பு மையில் எழுதி, கீழே ஒரு கையெழுத்து இருக்கும். ஆளில்லாத அந்த எண்ணோடு எனக்குப் பதினெட்டு வருஷத்துக்கும் மேலான பழக்கம். இந்த ஆனி மாதம்தான் அது ஒரு முடிவுக்கு வந்தது.

ஊழியர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். இப்போதெல்லாம் வருகிறவர் மணிக்கட்டில் கோடு கோடாக ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள். அதன்மேல் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினால் ஆள் யார், என்ன வியாதி, என்ன மருந்து, எல்லாம் திரையில் வந்து நிற்கிறது. 'இது எதுவுமே இல்லாம லட்சக்கணக்கான ஃபைலை எப்படிண்ணே வெச்சு மேய்ச்சீங்க?' என்று பதிவு அறையில் இப்போது இருப்பவர்கள் கேட்டார்களாம். நன்றாகத்தான் மேய்த்தோம். ஒரே ஒரு தடவை ஒரு அம்மாளை நான் தொலைத்துவிட்டேன். அதை எழுதுகிறேன். தணிகைமலையான் கூட இருந்து பிழையில்லாமல் எழுத வைக்க வேண்டும்.

நான் படித்தது பத்தாவது. கணக்கில் முப்பத்தாறு மார்க். மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவே இருக்கும் நம் தர்ம ஆஸ்பத்திரியில் முதலில் ஸ்ட்ரெச்சர் தள்ளினேன். நாலு வருஷம் கழித்து, முதுகு பிடித்துக்கொண்டதால், பதிவு அறைக்கு மாற்றினார்கள். மிச்ச வேலைக்காலம் முழுக்க அங்கேதான். தூசி, அந்துருண்டை வாசனை, நூறு இரும்பு அலமாரிகள். பூஜ்யம் பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை அவற்றுக்கு எண். நோயாளியின் எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் எதுவோ, அந்த அலமாரியில் அவருடைய ஃபைல். 'கடைசி ரெண்டு' என்போம். என் வேலையில் கற்றுக்கொள்ள இருந்தது இவ்வளவுதான் என்று பாகீரதி மேடம் வரும்வரை நினைத்திருந்தேன்.

பாகீரதி மேடம் எங்கள் பதிவு அதிகாரி. மயிலாப்பூர் மாட வீதிக்காரர். ஒல்லியான உடம்பு. காதில் ஒரு பென்சில் எப்போதும் செருகியிருக்கும். ஒருவரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. தப்புச் செய்தவர் முன்னால் அந்தச் சீட்டை வைத்து, பென்சிலைக் காதிலிருந்து எடுத்து அதன்மேல் வைத்து, "கூட்டுங்கோ" என்பார். அவ்வளவுதான். கூட்டி முடிப்பதற்குள் தப்பு தானே தலையைக் காட்டிவிடும்.

அவர் வந்த முதல் வாரமே எழுநூறு, எண்ணூறு என்று சொல்லக் கூடாது என்று சட்டம் போட்டார். அலமாரி மேல் ஏணியில் நிற்பவன் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழும். "ஏழு சைபர் மூணு" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். அடுத்தது கூட்டல். ஏழு இலக்கத்தையும் கூட்ட வேண்டும். வந்ததை மறுபடி கூட்ட வேண்டும். ஒற்றை இலக்கம் வரும்வரை. அந்த ஒற்றை இலக்கத்தை நோயாளியின் கார்டிலும் ஃபைலிலும் பரிசோதனைச் சீட்டிலும் வலது மூலையில் பென்சிலால் சின்னதாக எழுத வேண்டும். யாராவது ஏழு என்பதை ஒன்று என்று படித்து எழுதினால் மூலை எண் இடிக்கும். உடனே தெரிந்துவிடும்.

"இலக்கத்தை இடம் மாத்தி எழுதிட்டா என்ன மேடம் பண்றது?" என்று ஒருநாள் கேட்டேன். "கூட்டினா அதே தொகைதானே வரும்?"

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கணக்குல உங்களுக்கு மார்க் எவ்வளவு?"

"முப்பத்தாறு மேடம்."

"போட்டவாளைத்தான் ஃபெயிலாக்கணும்," என்றார். பிறகு இரண்டு எண்களை எழுதிக் காட்டினார். ஒரு எண்ணின் இலக்கங்களை எப்படி இடம் மாற்றிப் போட்டாலும், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால், வருவது ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். ஆகவே ஒரு சீட்டு சரியான ஃபைலோடு சேரவில்லை, ஆனால் மூலை எண் சரியாக இருக்கிறது என்றால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை மாற்றிப் போட்டுத் தேடு. ஏழு இலக்கத்தில் ஆறு ஜோடிதான் உண்டு. ஆறு ஃபைலைப் பார்த்தால் போதும்.

நான் அன்று சாயங்காலம் மயிலாப்பூர்க் குளக்கரையில் உட்கார்ந்து, கையில் கிடைத்த பஸ் டிக்கெட் எண்களையெல்லாம் மாற்றிப் போட்டுக் கழித்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. நவராத்திரி ஒன்பது, கிரகம் ஒன்பது, இங்கேயும் ஒன்பது. அம்பாள்தான் எண்ணுக்குள்ளே உட்கார்ந்து காவல் காக்கிறாள் என்று எனக்குப் பட்டது. ஒன்பது நல்ல எண் என்று சின்ன வயசிலிருந்தே எனக்கு நம்பிக்கை. அது அன்றைக்கு இன்னும் கெட்டியாகிவிட்டது. பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

யாருடையது என்று தெரியாத சீட்டுகளைப் போட ஒரு தட்டு உண்டு. நாங்கள் 'அநாதைத் தட்டு' என்போம். மேடம் வந்ததும் அந்தப் பெயரை மாற்றிவிட்டார். "அநாதை என்னத்துக்கு? ஆள் எங்கேயோ உக்காந்துண்டிருக்கா. நாம இன்னும் பார்க்கலை, அவ்வளவுதான்." அன்றிலிருந்து அது 'வந்து சேரும் தட்டு'.

இனி அந்த ஆடி மாதத்துக்கு வருகிறேன்.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு நடந்துபோய்க் காவடி எடுப்பதாக வேண்டுதல். மறுநாள் விடியற்காலை கிளம்ப வேண்டும். கழுத்தில் மாலை, மனசெல்லாம் மலைமேல். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். புதுப் பதிவு பன்னிரண்டு மணிக்கே முடிந்து, நம்பர் மிஷின் என் பீரோவுக்கு வந்துவிட்டது. இரும்பு முத்திரை மாதிரி இருக்கும் அது. உள்ளே ஏழு சக்கரம். கார்டில் ஒரு அடி, ஃபைலில் ஒரு அடி, பதிவேட்டில் ஒரு அடி; பதிவேட்டில் எண்ணும் தேதியும் மட்டும்தான், பெயர் கார்டிலும் ஃபைலிலும்தான். மூன்று அடிக்கும் ஒரே எண் விழும். பிறகு சக்கரம் தானே ஒன்று நகர்ந்துகொள்ளும்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு அம்மாள் வந்து நின்றார். நாற்பத்து மூன்று வயது என்று கார்டில் இருந்தது. பெயர் கன்னியம்மாள். அன்றைய கடைசிப் பதிவு அவர்தான். 14,83,703. கார்டை ஜன்னல் வழியாக நீட்டினார்.

"சார், இந்த மூலையில பென்சில்ல எட்டுன்னு போட்டுகீதே, இன்னா அது?"

"அது எங்க கணக்கும்மா. நம்பரைக் கூட்டினா வர்றது."

"கூட்டினா எட்டா?" என்றவர் அப்படியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என் தங்கச்சிக்கும் இதே ஆஸ்பத்திரிதான் சார். அவ கார்டுலயும் இதே மூலையில இதே எட்டு. அட்டையக் கையில வெச்சிக்கினே செத்தா. எனக்கும் இப்ப மார்ல கட்டி. எனக்கு இந்த நம்பர் வாணாம் சார். வேற நம்பர் குடு. இல்லாங்காட்டி இந்தா உன் கார்டு. நான் வூட்டுக்குப் போறேன்."

"எங்கம்மா வீடு?"

"கோட்டூர்புரம், ஆத்தோரம். காந்தி நகர்ல இஸ்திரி வண்டி வெச்சிகிறோம், நானும் அந்தாளும். அவருகிட்ட ஒண்ணும் சொல்லல. பல்லு வலின்னு சொல்லிட்டு வந்துகிறேன்."

எண்ணை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. பாகீரதி மேடத்தைக் கேட்கலாமென்றால் அவர் அன்று மீட்டிங்கில். அந்த அம்மாள் கார்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பி நடக்க ஆரம்பித்தார். வாசலைத் தாண்டினால் மறுபடி வர மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கழுத்தில் மாலையோடு நின்றுகொண்டு, பயந்து அழுகிறவரை அப்படியே விடுவதா?

பீரோவைத் திறந்தேன். மிஷினில் அடுத்த எண் தயாராக நின்றது: 14,83,704. மனசுக்குள் கூட்டினேன். இருபத்தேழு. இரண்டும் ஏழும் ஒன்பது! என் உடம்பு சிலிர்த்துப்போனது. அம்பாளே எடுத்து வைத்த மாதிரி இருந்தது. புதுக் கார்டு, புது ஃபைல் அட்டை, பதிவேட்டில் புது வரி. மூன்று அடி அடித்தேன். மூலையில் ஒன்பது என்று கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன். பழைய ஃபைலில் இருந்த தாளைப் படிக்காமலே புதியதற்கு மாற்றி, பழைய அட்டையைக் கிழித்துப் போட்டு, பழைய வரிக்கு எதிரே 'ரத்து' என்று எழுதினேன். ரத்து எழுதினால் காரணமும் கையெழுத்தும் வேண்டும். காரணம் என்னவென்று எழுதுவது? இரண்டையும் விட்டுவிட்டேன்.

அந்த அம்மாள் ஒன்பதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்லாருப்ப சார். மலைக்குப் போறியா? எனக்கும் சேத்து வேண்டிக்க."

நான் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்க வேண்டும். 'இன்னைக்கு உங்ககிட்ட சதை எடுத்தாங்களா?' வழக்கமாக முதல் நாளில் பரிசோதனைக்குச் சதை எடுக்க மாட்டார்கள். இரண்டாம் முறை வரும்போதுதான். அதனால் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் அன்று டாக்டர், கட்டியைப் பார்த்ததுமே தள்ளிப்போடாமல் எடுத்துவிட்டார். நான் ஒன்பது அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், 14,83,703 என்ற எண்ணோடு ஒரு சின்னப் பாட்டில் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

திருத்தணியில் முடி இறக்கினேன். சன்னிதியில் கன்னியம்மாள் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்யச் சொன்னேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார், தெரியவில்லை. "சாமி நட்சத்திரத்துலயே பண்ணிடுங்க சாமி" என்றேன். அந்த நேரத்தில் அவருடைய ரிப்போர்ட் ஆளில்லாமல் தட்டில் கிடக்கிறது என்று முருகன் எனக்குச் சொல்லவில்லை. வெறுங்காலில் நடந்ததில் பாதம் வெடித்துச் சீழ் பிடித்து, ஜுரமும் வந்தது. பத்து நாள் லீவு மூன்று வாரமாகிவிட்டது.

மொட்டைத் தலையும் விபூதிப் பொட்டலமுமாக வேலைக்குத் திரும்பியபோது, மேடம் மேஜையில் ஒரே ஒரு சீட்டு இருந்தது.

"மொட்டை நன்னா இருக்கு. பிரசாதம் அப்பறம் தாங்கோ," என்றார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்துச் சீட்டின்மேல் வைத்தார். "முதல்ல இதைக் கூட்டுங்கோ."

பரிசோதனைக் கூடத்துச் சீட்டு. பாட்டிலில் இருந்த மருந்து கசிந்து மையெல்லாம் கரைந்திருந்தது. பெயர் இருந்த இடத்தில் நீலக்கறை. பென்சிலால் எழுதியது மட்டும் அப்படியே: பெண், 43, 14,83,703, மூலையில் 8. கீழே ரிப்போர்ட். புற்று.

மேடம் பேசிக்கொண்டே போனார். "பதினஞ்சு நாளா இதோட மல்லுக்கட்டிண்டிருக்கேன். பதிவேட்டுல இந்த நம்பர் ரத்துன்னு இருக்கு. சரி, யாரோ இடம் மாத்தி எழுதிட்டான்னு ஆறு ஜோடியும் மாத்திப் பார்த்தேன். மூணு நம்பர் நாம இன்னும் தொடவே இல்லை. மிச்சம் மூணுல ஒண்ணு அஞ்சு வயசுக் குழந்தை, ஒண்ணு ஆம்பளை, ஒண்ணு எப்பவோ வந்துட்டுப் போன தாத்தா. மூலையில எட்டும் சரியா இருக்கு. அப்போ இது தப்பா எழுதின நம்பரே இல்லை தணிகாசலம். நம்பர் சரி. ஆள்தான் அதுலேர்ந்து எறங்கிப் போயிருக்கா. எங்கே போயிருப்பா?"

என் கையிலிருந்த விபூதிப் பொட்டலம் மேஜையில் விழுந்து சிதறியது.

"மேடம், நான்தான்."

முழுதும் சொன்னேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு எழுந்துபோய் நாலாம் அலமாரியிலிருந்து அந்த ஃபைலை அவரே எடுத்து வந்தார். 14,83,704. கன்னியம்மாள் இரண்டு முறை வந்திருந்தார். 'ரிப்போர்ட் வரவில்லை, அடுத்த வாரம் வரவும்' என்று இரண்டு முறை எழுதியிருந்தது. மூன்றாம் முறை அவர் வரவே இல்லை.

"ஒன்பதுதான் நல்லதுன்னு நெனச்சேன் மேடம்."

"கடைசி மூணு இலக்கத்தை எட்டால வகுங்கோ."

எழுநூற்று நான்கு. வகுத்தேன். எண்பத்தெட்டு. மீதி இல்லை.

"கடைசி மூணு வகுபட்டா முழு நம்பரும் வகுபடும். எட்டுக்குப் பயந்து எட்டு மடியிலேயே கொண்டு உக்கார வெச்சிருக்கேள். பழைய நம்பரை வகுங்கோ."

ஏழு மீதி வந்தது.

"அந்த நம்பருக்கும் எட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதை வகுக்கறது பதிமூணு. வெள்ளைக்காரன்தான் அதைப் பார்த்து ஓடணும்." அவர் சிரிக்கவில்லை. ஃபைலை மூடினார். "ஒன்பது பேர் வரிசையா நின்னா ஒருத்தருக்கு எட்டு வந்தே தீரும், தணிகாசலம். பயந்தா எல்லாரையும் மாத்திண்டே இருக்க வேண்டியதுதான். ஆனா அந்த எட்டைக் கார்டுல எழுதச் சொன்னது நான். அந்தப் பொண்ணு கண்ணுல படும்னு எனக்குத் தோணலை. அதனால தப்புல பாதி என்னுது. போய் அழைச்சிண்டு வாங்கோ. லீவு போட வேண்டாம், இது டூட்டிதான்."

கோட்டூர்புரம் ஆற்றோரத்துக்குப் போனேன். கார்டில் இருந்த விலாசத்தில் வீடே இல்லை. அந்த வரிசையை முழுக்க எடுத்து, செம்மஞ்சேரிப் பக்கம் கொண்டுபோய்க் குடிவைத்துவிட்டார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். இஸ்திரி வண்டி ஞாபகம் வந்தது. ஆட்டோ பிடித்துக் காந்தி நகர் போனேன். வழியெல்லாம் ஒரு கெட்ட யோசனை: உண்மையைச் சொன்னால் மிரண்டுவிடுவார், பேசாமல் இன்னொரு ராசியான நம்பர் அடித்து, 'இது அதைவிட நல்லது' என்று சொல்லிக் கூட்டி வந்துவிட்டால் என்ன? மிஷின் என் பீரோவில்தானே இருக்கிறது.

மரத்தடியில் வண்டி. பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. தேய்த்துக்கொண்டிருந்தவர் அவர் கணவர் துலுக்காணம். என் மொட்டையைப் பார்த்தார்.

"இன்னா நைனா, திருப்பதியா, பழனியா? துணி எங்க?"

வண்டிக்குப் பின்னாலிருந்து கன்னியம்மாள் எட்டிப் பார்த்தார். "யோவ், இவருதான்யா ஒன்பது நம்பர் சார்! வா சார், குந்து. உன் கை ராசி சார். ரெண்டு தபா போனேன், ரிப்போர்ட்டே வர்லன்னுட்டாங்கோ. இருந்தாதான வரும்? ஒண்ணுமில்லன்னு வுட்டுட்டேன். செம்மஞ்சேரிலருந்து வந்து போறதுக்கே உசுரு போவுது."

அந்த முகத்தைப் பார்த்ததும், வழியில் யோசித்து வைத்த பொய் வாயில் வரவில்லை.

"ரிப்போர்ட் வந்துடுச்சும்மா. வந்து ரெண்டு வாரம் ஆச்சு. நான் நம்பரை மாத்தினதால உங்க ஃபைலுக்கு வந்து சேரலை. தப்பு என்னுது. கட்டி நல்லது இல்லம்மா. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

துலுக்காணம் பெட்டியைச் சட்டைமேல் அப்படியே வைத்துவிட்டு நின்றார். கருகும் வாசனை வந்த பிறகுதான் தூக்கினார். "இன்னாம்மே, பல்லுன்னுதான சொன்ன?" என்றார்.

கன்னியம்மாள் அவரைத் தாண்டி என் முன்னால் வந்தார். என்னைப் பார்த்து, "ஒன்பது குடுத்து என்னை ஏமாத்திட்டியா சார்?" என்றார்.

"ஆமாம்மா."

"மலைல வேண்டிக்கினியா?"

"வேண்டிக்கிட்டேன். அர்ச்சனையும் பண்ணேன்."

அவர் கருகிய சட்டையை எடுத்து மடித்து ஓரமாக வைத்தார். தெருவில் ஒருவர் வந்து துணி ஆச்சா என்று கேட்டுவிட்டு, எங்கள் முகங்களைப் பார்த்துப் பேசாமல் போய்விட்டார்.

"ரிப்போர்ட்டு எந்த நம்பர்ல வந்திச்சி?"

"பழைய நம்பர்லதான்."

"எட்டுல?"

"எட்டுல."

"அப்ப எட்டுதான் சார் இத்தினி நாளா என்னைத் தேடிக்கினு இருந்திச்சி. ஒன்பது என்னை ஒளிச்சி வெச்சிக்கினு இருந்திச்சி." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "யோவ், கரிய அவிச்சிட்டு வா. போலாம். சார், எனக்கு என் பழைய நம்பரையே குடு."

அன்று பாகீரதி மேடம் பதிவேட்டைத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். 703-க்கு எதிரே நான் எழுதிய 'ரத்து'வை அடித்து, காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். 704-க்கு எதிரே சிவப்பு மையில் 'ரத்து' எழுதினார். என் பெயரை எங்கும் எழுதவில்லை. 'பதிவு அறையின் தவறு' என்று மட்டும் எழுதினார். ஆவணி பிறந்து சில நாளில் ஆபரேஷன் நடந்தது. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தால் கதை வேறு என்று டாக்டர் சொன்னாராம். மேடம் அதை என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். மறுபடி எடுக்கவே இல்லை.

மூலை எண்ணை அவர் விட்டுவிடவில்லை. தமிழ் எண்ணில் எழுதச் சொன்னார். பஞ்சாங்கத்தில் பார்த்து எல்லோரும் பழகினோம். எட்டு என்பதைத் தமிழில் எழுதினால் 'அ' மாதிரி இருக்கும். ஒரு பாட்டி அதைப் பார்த்து, "அம்பாளாப்பா?" என்று கேட்டார். "அப்படித்தான் வெச்சுக்கோங்க" என்றேன். அதற்குப் பிறகு யாரும் கார்டைப் பார்த்துப் பயந்ததில்லை.

ஆபரேஷன் நடந்த அன்று வீட்டில் உட்கார்ந்து 14,83,704-ஐ வகுத்துப் பார்த்தேன். அந்த எண் என்னை விடவில்லை. நூற்றெட்டால் வகுபட்டது! 13,738. மீதி இல்லை. எட்டாலும் வகுபடுகிறது, ஒன்பதாலும் வகுபடுகிறது, சாமிக்கான நூற்றெட்டாலும் வகுபடுகிறது. யார் வந்தாலும் கதவைத் திறந்துவிடுகிற வீடு மாதிரி இருந்தது. பயந்ததும் நான்தான், சிலிர்த்ததும் நான்தான்; எண் பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கிறது. ஆளில்லாமல் நான் காலியாக்கிய எண்ணை நானே நிரப்ப வேண்டும் என்று தோன்றியது. ருத்திராட்ச மாலையை எடுத்தேன். காலையில் நூற்றெட்டு முறை 'சரவணபவ', மாலையில் நூற்றெட்டு, அந்த அம்மாள் பெயருக்கு. ஒரு நாளைக்கு இருநூற்றுப் பதினாறு. 14,83,704 முறை சொல்லி முடிக்க மொத்தம் 6,869 நாள்.

அந்த 6,869-ஐ இன்னும் சிறியதாக உடைக்க முடியுமா என்று மேடத்திடம், எதற்கென்று சொல்லாமல், கேட்டேன். "இரண்டு, மூணு, அஞ்சுன்னு எழுபத்தொன்பது வரைக்கும் பகா எண்ணா வகுத்துப் பாருங்கோ. அடுத்தது எண்பத்து மூணு. அதை அதாலேயே பெருக்கினா இதைத் தாண்டிடும். அதுக்கு மேல தேட வேண்டாம்" என்றார். ஒரு வாரம் வகுத்தேன். எதுவும் வகுக்கவில்லை. ஆகவே 'பாதி ஆயிற்று', 'மூன்றில் ஒரு பங்கு ஆயிற்று' என்று மனசைத் தேற்றிக்கொள்ள நடுவில் ஒரு நாளும் அமையவில்லை. ஜுரத்தில் விட்ட நாட்களை எழுந்ததும் சேர்த்துச் சொல்லி முடித்தேன். ரிடையரான அன்றும் சொன்னேன். மேடம் காலமான அன்று, நான்கு வருஷத்துக்கு முன்னால், மயிலாப்பூர் சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டுச் சொன்னேன்.

இந்த ஆனி பிறந்த சமயத்தில் ஒரு சாயங்காலம் கடைசி மணியை உருட்டி முடித்தேன். மறுநாள் காந்தி நகர் போனேன். இஸ்திரி வண்டி அங்கேயேதான் இருக்கிறது. கன்னியம்மாளுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. துலுக்காணம் உட்கார்ந்து துணி மடிக்கிறார், தேய்ப்பது அந்த அம்மாள்தான். வருஷம் ஒருமுறை செக்கப்புக்கு எட்டாம் நம்பர் கார்டை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தவர். இப்போது அந்த எண்ணைப் பட்டையில் ஏற்றிக்கொடுத்திருக்கிறார்கள். முதல்முறையாக அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இன்னா சார் நீ! பதினெட்டு வருசமாவா எண்ணிக்கினு இருந்த? வூட்ல அம்மா ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டாங்க. நான்தான் சொல்லலை."

"எங்கிட்ட சொல்லிருந்தா பாதிய நான் சொல்லிருப்பேனே சார். ஆளுக்குப் பாதி நாளு."

"பாதியாப் பிரியாதும்மா அது. ரெண்டால வகுத்தா ஒரு நாள் மிச்சம் நிக்கும்."

பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு யோசித்தார். கண் கலங்கியிருந்தது, கரிப்புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"என் பாதி எனக்குக் கடன் சார், நாளையிலருந்து நான் சொல்லிக்கிறேன். அந்த மிச்ச ஒரு நாளு கீதே," என்றார், "அத நம்ம பென்சில் மேடம் பேருக்குப் போட்டுடு."